கனடாவின் மழைக்காட்டில் கரடி பார்க்க: பூர்வகுடியினர் நடத்தும் விடுதியில் தங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், 'கிரேட் பேர்' மழைக்காடு 64 லட்சம் ஹெக்டேருக்குப் பரந்து கிடக்கிறது. கருங்கரடி, கிரிஸ்லி கரடி, கருங்கரடி இனத்திலேயே வெள்ளையாகப் பிறக்கும் ஆவிக்கரடி மூன்றும் இங்கே உண்டு. இவற்றைக் காட்டும் விடுதிகள் பல. அவற்றுள் சிலவற்றை அந்த நிலத்துக்கும் நீருக்கும் உரிய பூர்வகுடிச் சமூகங்களே சொந்தமாக நடத்துகின்றன. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பயணத் திட்டத்தில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சாதாரண சுற்றுலாவில் விருந்தாளி சொல்வதற்கேற்ப நாள் ஓடும். இங்கே அப்படி இல்லை. எந்த ஓடைக்கு இன்று போகலாம், எதைச் சில நாள் கரடிக்கே விட்டுவிட வேண்டும், எத்தனை பேர் போகலாம் என்பதையெல்லாம் அந்தச் சமூகம்தான் முடிவு செய்யும். பணம் கட்டியவர் அந்த முடிவுக்குள் தன் நாள்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்து வருவதுதான்.

எந்த விடுதி, யாருடையது

வெள்ளைக் கரடிதான் குறி என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளெம்டு ஊரில் உள்ள 'ஸ்பிரிட் பேர் லாட்ஜ்'. கிட்டாசூ ஹைஹைஸ் சமூகத்துக்குச் சொந்தமானது. வான்கூவரிலிருந்து வடமேற்கே சுமார் 500 கி.மீ., சுவிண்டில் தீவில் இருக்கிறது, சாலை கிடையாது. ஒரு காலத்தில் மீன் டப்பா ஆலையை நம்பியிருந்த ஊர் இன்று இந்த விடுதியையும் அதைச் சார்ந்த ஆய்வையும் நம்பி வாழ்கிறது.

கிரிஸ்லி மட்டும் போதும் என்பவர்களுக்குத் தெற்கே இன்னும் சில இடங்கள் உண்டு. டெசலேஷன் சவுண்ட் பகுதியில் க்ளஹூஸ் சமூகத்தின் விடுதி இருக்கிறது. லண்ட் என்ற சிற்றூரிலிருந்து படகில் அங்கே போகலாம்; இலையுதிர் காலத்தில் டோபா இன்லெட் என்ற நீண்ட கடல் நுழைவுக்குக் கரடி பார்க்க அழைத்துச் செல்வார்கள். கிளெண்டேல் கோவ் குடாவில் மிதக்கும் 'நைட் இன்லெட் லாட்ஜ்' 2017-இல் ஐந்து பூர்வகுடிச் சமூகங்களின் கூட்டு உடைமையானது. அங்கே போகக் கேம்ப்பெல் ரிவர் ஊரிலிருந்து நீர்விமானம். தங்கும் செலவு கையைக் கடிக்கும் என்றால், அதே கேம்ப்பெல் ரிவரிலிருந்து ஹோமல்கோ சமூகத்தார் பியூட் இன்லெட்டில் உள்ள ஆர்ஃபோர்டு ஆற்றுக்கு ஒருநாள் பயணமாகக் கூட்டிப்போகிறார்கள்.

'பூர்வகுடி அனுபவம்' என்று விளம்பரம் செய்வதெல்லாம் பூர்வகுடி நிறுவனம் அல்ல. பதிவு செய்யுமுன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நிறுவனத்தில் சமூகத்தின் பங்கு எவ்வளவு? வழிகாட்டிகளில் அந்தச் சமூகத்தவர் எத்தனை பேர்? எந்தச் சமூகத்தின் நிலத்தில், யார் ஒப்புதலோடு கரடி காட்டுகிறீர்கள்? நேர்மையான இடம் மூன்றுக்கும் இரண்டு வரியில் பதில் தரும். சுற்றி வளைத்த பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கனடா பூர்வகுடிச் சுற்றுலாச் சங்கம் 'ஒரிஜினல் ஒரிஜினல்' என்றொரு முத்திரை தருகிறது. அதைப் பெறக் குறைந்தது 51 விழுக்காடு பூர்வகுடி உடைமை வேண்டும்.

எந்த மாதம்

கரடி இருக்குமிடம் உணவைப் பொறுத்தது. மே, ஜூனில் கிரிஸ்லிகள் கழிமுகங்களில் முளைக்கும் கோரையை மாடு போல மேயும். அப்போது பெரும்பாலும் படகில் இருந்தபடிதான் பார்க்க முடியும். ஜூலை முதல் ஆகஸ்ட் பாதி வரை புதரில் பழம் தேடிச் சிதறிவிடும். விலை சற்றுக் குறைவாக இருந்தாலும் கரடிக்காகவே போகிறவர்களுக்கு இந்த இடைவெளி வேண்டாம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை சால்மன் ஓடை ஏறும் காலம். ஆவிக்கரடிக்கு உகந்தது செப்டம்பர் முதல் அக்டோபர் முதல் வாரம் வரை.

இதில் மழை இருபக்கமும் வெட்டும். மழை பெய்யாவிட்டால் ஓடையில் நீர் இல்லை, சால்மன் கடல்வாயிலேயே காத்துக் கிடக்கும், கரடியும் வராது. 2022 இலையுதிர் காலத்தில் நீண்ட வறட்சியால் இந்தக் கரையின் ஹெய்ல்ட்சுக் பூர்வகுடிச் சமூகத்துக்குரிய நீகாஸ் ஓடையில் முட்டையிடுமுன்பே ஆயிரக்கணக்கான சால்மன்கள் செத்து மிதந்தன. மழை கொட்டித் தீர்த்தாலோ ஓடை பெருகிக் கலங்கும், கரடியால் மீனைப் பிடிக்க முடியாது, அது காட்டுக்குள் ஒதுங்கிவிடும். கனமழை நின்று ஒரு நாள் கழித்து நீர் வடியும் நேரம்தான் பொன்னான நேரம். எந்த நாள் அப்படி அமையும் என்று ஓராண்டுக்கு முன்பே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு இரவுப் பயணம் வீண் என்கிறோம். குறைந்தது நான்கு இரவு, முடிந்தால் ஆறு.

வெள்ளைக் கரடி பற்றி எதிர்பார்ப்பு

ஆவிக்கரடி தனி இனமல்ல, நிறமியே இல்லாத 'அல்பினோ'வும் அல்ல. கருங்கரடியின் மரபணு ஒன்றில் உள்ள ஒடுங்கு பண்பால் வரும் நிறம் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பண்பு வந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். கறுப்புத் தாயின் பின்னால் வெள்ளைக் குட்டி ஓடுவதும் சாதாரணம். பிரின்சஸ் ராயல், கிரிபெல் போன்ற சில தீவுகளில்தான் இவை சற்றுக் கூடுதலாக உள்ளன. பகலில் கறுப்பை விட வெள்ளைக் கரடிகள் மீன் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதாக ஆய்வில் தெரியவந்தது. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிர் வானத்தின் முன் வெள்ளை உருவம் எளிதில் தெரிவதில்லை.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். முன்பு பெருநிலத்தோடு நின்ற கிரிஸ்லிகள் தீவுகளுக்கு நீந்தி வருகின்றன. கிரிஸ்லி வந்த ஓடையில் கருங்கரடிகள் தயங்கும். ஆகவே 'சென்ற ஆண்டு இந்த ஓடையில் பார்த்தார்களாம்' என்ற தகவலுக்கு மதிப்புக் குறைவு. எந்த விடுதியாவது வெள்ளைக் கரடிக்கு உத்தரவாதம் தந்தால் சந்தேகப்படுங்கள்.

பதிவு, விசா, பணம்

செப்டம்பர் மாத இடங்கள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விடுதியின் தேதியை உறுதி செய்யுங்கள், பிறகு விசா, அதன் பிறகே பன்னாட்டு விமானம். விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்தது என்று முதலில் அதை வாங்கிவிட்டு விடுதி தேடுகிறவர்கள்தான் ஆகஸ்ட் பாதியில் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் கனடா வருகையாளர் விசா வேண்டும். கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. விடுதியின் உறுதிக் கடிதத்தையும் நாள்வாரித் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். சியாட்டில் வழியாக மாறிச் செல்லும் சீட்டு விலை குறைவாகத் தெரியும். ஆனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா தேவைப்படும் என்பதை வாங்குமுன் கவனியுங்கள்.

ஆளுக்குப் பல ஆயிரம் கனடா டாலர் ஆகும். உணவு, தங்கல், படகு, வழிகாட்டி எல்லாம் பெரும்பாலும் அதில் அடக்கம். அடங்காதவை எவை என்று எழுத்தில் கேளுங்கள்: 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கான கட்டணம், உள்ளூர் விமானம், வான்கூவர் இரவுகள். காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, அவசர மருத்துவ வான்வழி மீட்பு. கிளெம்டுவில் இருப்பது செவிலியர் நிலையம் மட்டும். மருத்துவமனை, படகில் போகும் தொலைவில் உள்ள பெல்லா பெல்லா என்ற ஊரில்தான். இன்னொன்று, வானிலையால் பயணம் தடைபட்டால் இழப்பீடு. இரண்டாவது இல்லாத காப்பீடு இந்தக் கரைக்கு உதவாது.

போய்ச் சேர்வது

வான்கூவரில் உள்ளூர்ச் சிறு விமானங்கள் முதன்மை முனையத்திலிருந்து கிளம்புவதில்லை. சவுத் டெர்மினல் என்ற தனிக் கட்டடத்திலிருந்து புறப்படும். இரண்டுக்கும் இடையே வண்டியில்தான் போக வேண்டும். இது தெரியாமல் பெரிய முனையத்தில் வரிசையில் நின்று விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பெல்லா பெல்லா, பிறகு படகில் கிளெம்டு. பி.சி. ஃபெரீஸ் கப்பலிலும் போகலாம். போர்ட் ஹார்டியிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் செல்லும் வழியில் குறிப்பிட்ட நாள்களில் கிளெம்டுவில் நிற்கும். நேரம் இருப்பவர்களுக்கு அந்தக் கடல்வழியே ஒரு தனி அனுபவம். ஆனால் நடுநிசியில் இறங்க வேண்டி வரலாம், கால அட்டவணையைப் பார்த்து முடிவெடுங்கள்.

செப்டம்பரில் காலைப் பனிமூட்டம் விமானத்தை மணிக்கணக்கில், சில வேளை ஒரு நாள் முழுக்க நிறுத்திவிடும். போகும்போது வான்கூவரில் ஓர் இரவும், திரும்பும்போது ஓர் இரவும் கட்டாயம் ஒதுக்குங்கள். நீர்விமானத்தில் சுமை வரம்பு பொதுவாக 11 கிலோ அளவில்தான் இருக்கும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் சிறு அறைக்குள் நுழையாது. மடங்கும் துணிப்பையே சரி. மிகுந்த சாமானை வான்கூவர் ஓட்டலில் வைத்துவிட்டுப் போகலாம்.

உடை, பை

செப்டம்பர் பகலில் 10 முதல் 15 டிகிரி. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊட்டிக் குளிரில் நடந்து திரிவது வேறு, ஈரப் பாறையில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவது வேறு. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ், பருத்தி உள்பனியன் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நான்கு இரவுக்கு இவ்வளவு போதும்:
- மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை 2 செட்
- ஃப்ளீஸ் சட்டை 1, மெல்லிய பஞ்சடைத்த ஜாக்கெட் 1
- தொப்பியோடு கூடிய மழை ஜாக்கெட், மழை பேண்ட். 'நீர் எதிர்ப்பு' என்று எழுதியது தாங்காது, தையல்களுக்கு உள்ளே பட்டை ஒட்டிய 'வாட்டர்ப்ரூஃப்' வேண்டும்
- கம்பளிக் காலுறை 4 ஜோடி, மெல்லிய கையுறை 2 ஜோடி
- 8x42 பைனாகுலர்
- உட்காரச் சிறு ஃபோம் விரிப்பு
- படகு வாந்திக்கு மாத்திரை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். பல விடுதிகள் பூட்ஸும் மழை உடையும் இரவல் தருகின்றன. உங்கள் கால் அளவைப் பதிவின்போதே சொல்லிவிட்டால் 11 கிலோவில் இரண்டு கிலோ மிச்சம். நிறம் பெரிய விஷயமில்லை. சத்தம்தான் விஷயம். வெல்க்ரோவைப் பிரிக்கும் ஒலியும் கெட்டி மழைத்துணியின் சரசரப்பும் ஓடைக்கரையில் நன்றாகவே கேட்கும். கரடி விரட்டும் ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது, நீங்கள் வாங்கவும் வேண்டாம், வழிகாட்டியிடம் இருக்கும்.

சாப்பாடு

சால்மன், ஹாலிபட், நண்டு என்று கடல் உணவே அங்கே பிரதானம். சைவர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் வேண்டாம், மீன் வேகவைத்த சாறும் வேண்டாம், முட்டை சேரும் அல்லது சேராது என்று தனித்தனியாக எழுதுங்கள். பொருள்கள் கப்பலில் வரும் ஊர், நீங்கள் போய் இறங்கிய பின் பருப்பு கேட்டால் கடையில் கிடைக்காது. ஒரு மாதம் முன்பு இன்னொரு முறை நினைவூட்டுங்கள். பொடி, ஊறுகாய் வேண்டுமானால் வான்கூவரை ஒட்டிய சர்ரேயில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அறையின் வராந்தாவில் எந்தத் தின்பண்டமும் வைக்கக் கூடாது. ஓடைக்குக் கிளம்பும் நாளில் சட்டைப் பையில் முறுக்குப் பொட்டலம் கூட இருக்கக் கூடாது. மனிதரிடம் உணவு உண்டு என்று ஒரு முறை கற்றுக்கொண்ட கரடிக்கு ஆயுள் குறைவு.

ஓடைக்கரையில் ஒரு நாள்

கிளம்பும் நேரம் ஓதத்தைப் பொறுத்தது. இந்தக் கரையில் கடல்மட்டம் ஒரே நாளில் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் கழிமுகத்துக்குள் படகு நுழையாது. ஆகவே நேற்று எட்டு மணிக்குக் கிளம்பினோமே என்று இன்றும் கேட்க வேண்டாம். பெரிய படகில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் போய், சிறு படகுக்கு மாறி, பாறையிலோ சேற்றிலோ இறங்க வேண்டியிருக்கும். கடற்பாசி படர்ந்த கல் எண்ணெய் தடவியது போல வழுக்கும். இங்கே விழுகிறவர்கள்தான் அதிகம், கரடியால் அடிபடுகிறவர்கள் அல்ல. முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் படகிலிருந்தே பார்க்கும் நாள்களாக அமைத்துத் தருவார்கள். கழிப்பறை வேலையைப் பெரிய படகிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு நடை. வழிகாட்டி முன்னே, மற்றவர்கள் ஒட்டினாற்போல் பின்னே. ஒரு மரத்தருகே நின்று தண்டைக் காட்டினால் கிட்டப் போய்ப் பாருங்கள்: பட்டையில் வழிந்த பிசினில் மயிர்கள் ஒட்டியிருக்கும், சில கறுப்பு, சில நுனி வெளுத்த பழுப்பு. அது கரடி முதுகு தேய்க்கும் மரம். அதை நோக்கி வரும் தடத்தில் பாசிக்குள் குழி குழியாகக் காலடிகள் பதிந்திருக்கும். ஒவ்வொரு கரடியும் முன்னது வைத்த குழியிலேயே கால் வைக்கும், பல ஆண்டுகளாக. அந்தக் குழிகளில் நாம் கால் வைக்கக் கூடாது. ஆய்வாளர்களும் இதே மயிரைத்தான் சேகரிக்கிறார்கள். முள்கம்பியில் சிக்கிய மயிரிலிருந்து மரபணு எடுத்து எந்தக் கரடி எங்கே என்று கணக்கிடுவார்கள். மயக்க ஊசியோ கழுத்துப்பட்டையோ தேவையில்லை.

உட்கார்ந்த பிறகு எழுந்து நடமாடக் கூடாது. கிசுகிசுப்புப் போதும். கரடி வந்தால் விரல் நீட்டிக் கத்தாமல் பக்கத்தவரைத் தொட்டுக் காட்டுங்கள். பின்காலில் எழுந்து நின்றால் பயப்பட வேண்டாம், மோப்பம் பிடிக்கிறது, அவ்வளவுதான். கொட்டாவி, வாயோரம் எச்சில், தாடையை மோதி எழுப்பும் 'டக் டக்', மூச்சைச் சீறி விடுதல், காதைப் பின்னே மடித்தல் ஆகியவை தொந்தரவின் அறிகுறிகள். அப்போது வழிகாட்டி குழுவைப் பின்வாங்கச் சொல்வார். 'இன்னும் ஒரே ஒரு படம்' என்பதற்கு அங்கே இடமில்லை. எந்த நிலையிலும் ஓடக் கூடாது, குழுவை விட்டுப் பிரியக் கூடாது.

மீன் நிறைய இருக்கும் நாளில் கரடி மூளையையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியைக் காட்டில் போட்டுப் போகும். அழுகும் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அது நல்ல சகுனம்.

கேமரா

400 முதல் 600 மி.மீ. வரை எட்டும் ஜூம் லென்ஸ் போதும். சிடார் மரங்களின் அடியில் நண்பகலும் அந்தி போல இருக்கும், ஐ.எஸ்.ஓ. 3200–6400 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். மீன் பிடிக்கும் கரடிக்கு ஷட்டர் 1/800-க்குக் கீழே போகாதீர்கள். இருண்ட காட்டின் நடுவே வெள்ளைக் கரடி நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கரடியின் மயிர் முழுதும் வெளிறிப் போகும். கேமராவில் வெளிச்சத்தை ஈடுகட்டும் அளவை ('எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்') -0.7 முதல் -1.3 வரை இறக்குங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் ஆவிக்கரடிப் படங்களில் பாதி வீணாகின்றன.

ஃபிளாஷ், ட்ரோன் கூடாது. ஷட்டர் ஒலியை அணைத்துவிடுங்கள். நெருக்கமான இடத்தில் முக்காலி தடங்கல், ஒற்றைக்கால் தாங்கி நல்லது. மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் கேமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதீர்கள். சூடான அறையில் லென்ஸுக்குள் ஆவி படியும். பையோடு ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு திறங்கள்.

ஊரில் நடந்துகொள்ளும் முறை

கிளெம்டுவில் விடுதி ஊருக்குள்தான் இருக்கிறது. நீங்கள் நடப்பது யாரோ ஒருவரின் வீட்டு வாசல். குழந்தைகளை, வீடுகளை, சடங்குகளைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. கிளெம்டுவின் பெரிய இல்லம் என்ற சடங்குக் கூடத்துக்குள் அழைத்துச் செல்லும்போது எப்போது படம் எடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். அங்கே சொல்லப்படும் கதைகளுக்கும் பாடல்களுக்கும் உரிமைக் குடும்பங்கள் உண்டு. பதிவு செய்ய, இணையத்தில் எழுத அனுமதி கேளுங்கள். பழைய குடியிருப்பு இருந்த இடங்களில் சிப்பி, கல், மரத்துண்டு எதையும் எடுக்க வேண்டாம். பட்டை நீளமாக உரிக்கப்பட்ட சிடார் மரங்களைப் பார்த்தால் காயம் என்று நினைக்காதீர்கள். கூடை, கயிறு செய்ய முன்னோர் அளவாக எடுத்த தடம் அது.

1885 முதல் 1951 வரை விருந்தும் பரிசும் வழங்கி நடத்தும் இவர்களது பாட்லாட்ச் என்ற சடங்கு விழாவைக் கனடாச் சட்டம் தடை செய்திருந்தது. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளின் கொடுமை இன்றும் பல வீடுகளில் ஆறாத புண். வழிகாட்டி தானாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம். கேட்கத்தக்க வேறு பேச்சு நிறைய இருக்கிறது. 2012-இல் இந்தக் கரையின் சமூகங்கள் தங்கள் நிலத்தில் பெருமைக்காகக் கரடி வேட்டையாடுவதைத் தடை செய்ததாக அறிவித்தன. மாநில அரசு கிரிஸ்லி வேட்டையை 2017 டிசம்பரில்தான் நிறுத்தியது. 2022-இல் கிட்டாசூ ஹைஹைஸ், கிட்காட் சமூகங்களின் முயற்சியால் 8,000 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட பகுதியில் கருங்கரடி வேட்டையும் தடையானது. கறுப்புக் கரடியைச் சுட்டாலும் அது சுமக்கும் வெள்ளைப் பண்பு போய்விடும் என்பது அவர்கள் வாதம். இந்த நிலத்தையும் நீரையும் காவல் காக்கும், சமூகங்களே அமர்த்திய கரையோரக் காவலர்களிடம் பேசினால் ஓடைகளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்திகள் கிடைக்கும்.

செதுக்குச் சிற்பம், வளையல் வாங்குவதானால் செய்தவரிடமே வாங்குங்கள். கழுகு இறகு, கரடி நகம், பல் சேர்த்த பொருள்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அனுமதிச் சீட்டில்லாமல் அவை எல்லை தாண்டாது.

படங்களை வெளியிடுமுன் அவற்றில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள். ஓடையின் பெயரையும் எழுத வேண்டாம், தீவின் பெயர் போதும். கடைசி நாள் காலையில் மூட்டம் விலகாவிட்டால் விடுதிக்காரர்களே மாற்று ஏற்பாட்டைச் சொல்வார்கள். வான்கூவரில் ஒதுக்கிய இரவைப் பயன்படுத்துவது அப்போதுதான்.